தேயிலை புதைக்கிறவன்

பதினேழாம் எண் மரத்தடியில் மண்டியிட்டு
எட்டு சென்டிமீட்டர் ஆழத்தில்
நான் புதைப்பது ஒரு தேயிலைப் பை.
பச்சைத் தேயிலை. நூல் முனையில் எண்.
தொண்ணூறு நாள் கழித்துத் தோண்டி
உலர்த்தி, நிறுத்து,
மண் எவ்வளவு தின்றது என்று
நியாமேக்கு எழுதி அனுப்ப வேண்டும்.

ஊர் சிரிக்கிறது.
தான் மாரோவில் தேநீர் என்றால் மூன்று கோப்பை.
முதலாவது நாக்கைப் பிடித்து இழுக்கும்,
இரண்டாவது சமாதானத்துக்கு வரும்,
மூன்றாவதில் சர்க்கரைதான், பேச்சுதான்.
கைப்பிடித் தேயிலைக்கு
ஒரு முழு மாலையைச் செலவழிக்கிறவர்கள்
கரி அடுப்பை விசிறிக்கொண்டே கேட்கிறார்கள்:
"லவாலி, மண்ணுக்குச் சர்க்கரையாவது போட்டாயா?"
போடவில்லை.
செய்முறைக் கையேட்டில் இல்லை.

காவோ மரம் எதற்கும் ஒத்துப்போகாது.
மழை இறங்கிக் கம்பு முளைக்கும்போது
இலையெல்லாம் உதிர்த்துவிட்டு
அம்மணமாய் நிற்கும்.
ஆடுகள் அட்டைப்பெட்டி தின்னும் மார்ச் மாதத்தில்
அது மட்டும் பச்சை கட்டும்.
அதன் அடியில் கம்பு ஒரு முழம் கூட வளரும்.
இது இங்கே ஆட்டுக்குட்டிக்கும் தெரியும்.
ஏன் என்று கேட்கத்தான் எனக்குச் சம்பளம்,
மூன்று ஆண்டு ஒப்பந்தம்.
மரத்துக்கு இப்போதே எழுபது வயது இருக்கும்.

தொண்ணூறாம் நாள்.
அறுபத்து நான்கு பைகளில் ஒன்பதைக்
கறையான் நூலோடு முடித்திருந்தது.
இரண்டு கிடைக்கவே இல்லை.
17-B கிடைத்தது, ஆனால்
நூல் என்னுடையது அல்ல.
நீல நூல். தொப்பியில் பூ தைக்கிற நூல்.
இரண்டு முடிச்சு.

தராசில் வைத்தேன்.
மற்றவை பாதியாவது மிஞ்சியிருக்க
இது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.
தராசைத் துடைத்து மறுபடி வைத்தேன்.
பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு
வயலுக்குச் சொந்தக்காரி சராத்துவிடம் போனேன்.

மறைக்கவில்லை அவள்.
"ஒரு வருஷம் எவனோ எழுதிக் கட்டிய தோல் முடிச்சை
என் வயல் மூலையில் புதைத்தான்.
அந்த வருஷம் கதிரே பிடிக்கவில்லை.
என் மண்ணில் எதைப் புதைத்தாலும் பார்ப்பேன்.
நீ போன அன்று ராத்திரியே தோண்டினேன்.
முகர்ந்தேன். தேயிலைதான்."

அப்புறம்?

"அப்புறம் என்ன.
ஒரு கொதி விட்டேன். ஒரு கோப்பை.
பூஞ்சையாய் இருந்தது, மட்டமான சரக்கு.
உன் நூல் அறுந்துபோனது,
என் நூலைக் கட்டி
அதே குழியில் வைத்துவிட்டேன்."

அதே ஆழத்திலா?

"விதை போடுகிறவளிடம் கேட்கிற கேள்வியா இது?"

படிவத்தில் குறியீடுகள் உண்டு.
கறையான் ஒன்று. ஆடு இரண்டு. வெள்ளம் மூன்று.
ஒன்பது என்றால் பிற.
ஒன்பது போட்டேன்.
குறிப்பில் எழுதினேன்:
நில உரிமையாளர் ஒருமுறை கொதிக்கவைத்துக் குடித்தார்,
கணக்கில் சேர்க்க வேண்டாம்.
டாக்டர் ஹல்லாரு தொலைபேசியில்
நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.
சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.
லைன் எப்போதுமே இரைச்சல்.

முடிவுகள் வந்ததும் சராத்துவுக்குச் சொன்னேன்,
சொல்லும் கடமை எனக்கு உண்டு.
மரத்தடி மண் வேகமாய்த் தின்கிறது,
முப்பதடி தள்ளினால் மெதுவாய்.
அவள் கம்பு இடிப்பதை நிறுத்தவில்லை.
"அது தெரிந்ததுதானே," என்றாள்.
இரண்டு இடி கழித்து,
"அந்த மரம் எனக்குக் கொடுப்பதை
யாரிடமிருந்து எடுக்கிறது? அதைச் சொல்."

வரப்புக்கு அந்தப் பக்கம்
நோமாவுவின் வயல், மரமில்லாத மணல்.
வேர் எவ்வளவு தூரம் போகும் என்று
நாங்கள் பார்த்ததில்லை.
மண்துளைப்பான் ஒரு மீட்டரில் நின்றுவிடும்.

தெரியாது என்றேன்.
உலக்கை மேலே போனது, கீழே வந்தது.

கேள்வியைப் படிவத்தின் ஓரத்தில் எழுதினேன்,
பென்சிலில், அவள் பெயர் போட்டு.
வெளியே முதல் மழையின் வாசனை.
பதினேழு இலை கொட்டத் தொடங்கியிருந்தது.
பையில் இன்னும் அறுபத்து நான்கு.
இந்த முறை நீல நூல் வாங்கிவந்திருக்கிறேன்,
வெள்ளை நூல் சீக்கிரம் இற்றுவிடுகிறது.